கேள்வி – பதில்: ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் ஒரு தன்னாட்சிக் கட்சி

ஐரோப்பாவின் மாநிலக் கட்சிகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, இத்தாலியின் வடகோடியில் ஜெர்மன் மொழி பேசும் சிறுபான்மையினரின் கட்சியான தென் டைரோல் மக்கள் கட்சி 1948 முதல் இன்றுவரை ஒருமுறைகூட மாகாண ஆட்சியை இழந்ததில்லை என்று போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தேன். அதைப் பற்றியே பல வாசகர்கள் கேட்டிருப்பதால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அவர்களுக்கே ஒதுக்கிவிட்டேன்.

கே: இத்தாலியில் ஜெர்மன் பேசுவோர் எப்படி வந்தார்கள்? அந்தக் கட்சி எப்போது, எதற்காகத் தோன்றியது? (ஓர் ஆசிரியை, திருநெல்வேலி)

ப: அவர்கள் எங்கிருந்தோ குடியேறியவர்கள் அல்லர். தென் டைரோல் என்னும் அந்த மலைப்பகுதி, முதல் உலகப் போர் முடியும்வரை ஆஸ்திரிய–ஹங்கேரியப் பேரரசில் இருந்தது. தங்கள் பக்கம் நின்று போரில் இறங்கினால் பிரென்னர் கணவாய்வரை எல்லை தருவதாக 1915இல் லண்டனில் வைத்து நேச நாடுகள் இத்தாலிக்கு ரகசியமாக வாக்களித்திருந்தன. 1919இல் சான் ஜெர்மான் உடன்படிக்கை அதை நிறைவேற்றியது. 1910 கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்ந்தோரில் ஏறத்தாழ 89 விழுக்காட்டினர் ஜெர்மன் மொழியினர். இத்தாலியர் மூன்று விழுக்காடுகூட இல்லை. அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

முசோலினி ஆட்சிக்கு வந்தபின் ஜெர்மன் பள்ளிகள் மூடப்பட்டன. எத்தோரே தொலொமெயி என்பவர் 1923இல் தென் டைரோலின் தலைநகரான போல்சானோவின் நகர அரங்கில் 32 நடவடிக்கைகள் கொண்ட ஒரு திட்டத்தை அறிவித்தார். ஊர், ஆறு, மலை எல்லாவற்றுக்கும் இத்தாலியப் பெயர் சூட்டுவதும், டைரோல் என்ற பெயரையே தடை செய்வதும் அதில் அடங்கும். தாய்மொழியைக் கற்பிக்க விரும்பியவர்கள் பண்ணை வீடுகளில் ஒளிந்து ஒளிந்து பாடம் நடத்தினர். இதற்கெல்லாம் மேலாக, 1939இல் ஹிட்லரும் முசோலினியும் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, ஜெர்மனிக்குக் குடிபெயர்வதா, இத்தாலியிலேயே இருந்து மொழியை இழப்பதா என்று ஒவ்வொரு குடும்பமும் அந்த ஆண்டு முடிவதற்குள் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. எண்பது விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் போவதாக எழுதிக் கொடுத்தனர். போர் குறுக்கிட்டதால் உண்மையில் போனவர்கள் சுமார் 75,000 பேர்.

போவதற்கு மறுத்து, நாஜிகளுக்கும் ஆகாதவர்களாகிப்போன அந்தச் சிறு கூட்டத்திலிருந்துதான் கட்சியை அமைத்தவர்கள் வந்தனர். ஐரோப்பாவில் போர் முடிந்த அதே நாளில், 1945 மே 8 அன்று, எரிக் அமோன் என்ற வணிகரைத் தலைவராகக் கொண்டு தென் டைரோல் மக்கள் கட்சி தொடங்கப்பட்டது. கட்சியின் சின்னம் ஆல்ப்ஸ் மலையின் எடெல்வைஸ் மலர். தொடக்கத்தில் அவர்கள் கேட்டது சுயநிர்ணய உரிமை, அதாவது ஆஸ்திரியாவுடன் மீண்டும் இணைவது; நேச நாடுகள் அதை மறுத்த பிறகே கோரிக்கை தன்னாட்சி என்று மாறியது.

கே: 1946இலேயே தன்னாட்சிக்குப் பன்னாட்டு ஒப்பந்தம் ஆகிவிட்டதாகப் படித்தேன். அப்படியிருக்க, 1972 வரை எதற்காகப் போராடினார்கள்? (சட்டக் கல்லூரி மாணவர், தஞ்சாவூர்)

ப: ஒப்பந்தம் ஆனது உண்மை. ஆஸ்திரிய வெளியுறவு அமைச்சர் கார்ல் க்ரூபரும் இத்தாலியப் பிரதமர் அல்சிதே டி காஸ்பெரியும் 1946 செப்டம்பர் 5 அன்று பாரிசில் கையெழுத்திட்டனர். அது இத்தாலியுடனான சமாதான உடன்படிக்கையில் இணைப்பாகவும் சேர்க்கப்பட்டது. தாய்மொழிக் கல்வி, அலுவலகங்களில் இரு மொழிகளுக்கும் சமநிலை, சட்டமியற்றவும் நிர்வகிக்கவும் தன்னாட்சி என எல்லாமே அதில் இருந்தன. அந்தத் தன்னாட்சி எந்த நிலப்பரப்புக்கு என்பது மட்டும் வரையறுக்கப்படாமல், உள்ளூர்ப் பிரதிநிதிகளையும் கலந்து பின்னர் முடிவு செய்யலாம் என்று விடப்பட்டிருந்தது.

ரோம் நுழைந்தது அந்த வழியாகத்தான். 1948 தன்னாட்சிச் சட்டம் தென் டைரோலைத் தெற்கே இருந்த இத்தாலிய மொழி மாகாணமான ட்ரெண்டினோவுடன் சேர்த்து ஒரே பிராந்தியமாக்கியது. அதிகாரங்களின் பெரும்பகுதியைப் பிராந்தியத்துக்கே கொடுத்தது. டி காஸ்பெரியின் சொந்த மண்ணும் ட்ரெண்டினோதான். சொந்த மாகாணத்தில் மூன்றில் இரண்டு பங்காக இருந்த ஜெர்மன் மொழியினர், தங்களுக்கென்று வாங்கிய தன்னாட்சிக்குள்ளேயே சிறுபான்மையாகிவிட்டனர். காகிதத்தில் எல்லாம் கிடைத்தது. வாக்கெடுப்பு என்று வந்தால் எதுவும் கிடைக்கவில்லை. சிறுபான்மையினரின் உரிமையை மறுக்க விரும்பும் அரசுக்கு அதை நேரடியாக மறுக்க வேண்டிய அவசியமே இல்லை, எல்லைக்கோட்டைச் சற்றுத் தள்ளிப் போட்டால் போதும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

அதே காலத்தில் தெற்கிலிருந்து இத்தாலியத் தொழிலாளர்கள் தொடர்ந்து வந்துகொண்டிருந்தனர். 1957இல் போல்சானோவில் 5,000 அரசுக் குடியிருப்புகள் கட்டப்படும் என்று ரோம் அறிவித்தபோது, யாருக்காக என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்த ஆண்டு மே மாதம் கட்சித் தலைவராகியிருந்த சில்வியுஸ் மன்யாகோ, போரில் ஒரு காலை இழந்து ஊன்றுகோலுடன் நடந்த மெலிந்த மனிதர். 1957 நவம்பர் 17 அன்று, போல்சானோ நகருக்கு வெளியே சிக்மண்ட்ஸ்க்ரோன் கோட்டை இடிபாடுகளுக்கிடையே ஏறத்தாழ 35,000 பேர் திரண்ட கூட்டத்தில் அவர் பேசினார். ட்ரெண்டினோவின் தலைநகரான ட்ரெண்டோவிலிருந்து விடுதலை, அதாவது ரோமிடமிருந்து பிரிவினை அல்ல, பிராந்தியத்திடமிருந்து பிரிந்து தனி மாகாணத் தன்னாட்சி என்பதே அங்கு எழுந்த முழக்கம். கூட்டம் முடிந்ததும் நகரை நோக்கி ஊர்வலம் போகாது என்று அவர் அதிகாரிகளிடம் வாக்குக் கொடுத்திருந்தார்; கொதித்துக்கொண்டிருந்த கூட்டத்திடம் அதைச் சொல்லி, கலைந்து போகவும் வைத்தார். அந்த மனிதரின் அரசியல் முழுவதும் அந்த ஒரு நாளில் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றும்.

1959இல் கட்சி பிராந்திய அரசிலிருந்து வெளியேறியது. ஆஸ்திரிய வெளியுறவு அமைச்சர் ப்ரூனோ க்ரைஸ்கி பிரச்சினையை ஐ.நா. பொதுச் சபைக்குக் கொண்டுபோனார். பாரிஸ் ஒப்பந்தத்தை நிறைவேற்றுவது பற்றி இரு நாடுகளும் பேசித் தீர்க்க வேண்டும் என்று 1960 அக்டோபர் 31 அன்று தீர்மானம் வந்தது. பிறகு 11 இத்தாலியர், 7 ஜெர்மன் மொழியினர், அங்குள்ள மூன்றாவது சிறு மொழிச் சமூகமான லாடின் மொழியினர் ஒருவர் என 19 பேர் கொண்ட ஆணையம் அமைந்து, பேச்சு ஆண்டுக்கணக்கில் நீண்டு, கடைசியில் 137 அம்சங்கள் கொண்ட தொகுப்பு ஒன்று உருவானது.

அதை ஏற்பதா என்று முடிவு செய்ய 1969 நவம்பர் 22 அன்று மெரான் நகரில் கட்சி மாநாடு கூடியது. விவாதம் நள்ளிரவைத் தாண்டியும் நீண்டது. இது போதாது, ஏற்றுக்கொண்டால் மேலும் கேட்கும் உரிமை போய்விடும் என்று கட்சியின் மூத்த தலைவர் அல்ஃபோன்ஸ் பெனடிக்டர் போன்றோர் எதிர்த்தனர். ஆதரவாக 583 வாக்குகள், எதிராக 492, நடுநிலையாக 15. நூறுக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் ஓர் இனத்தின் அரை நூற்றாண்டு எதிர்காலம் தீர்மானமாயிற்று. தோற்ற பெனடிக்டர் கட்சியை உடைத்துக்கொண்டு போகவில்லை. அந்தத் தொகுப்பைச் சட்டமாக்கும் குழுக்களில் உட்கார்ந்து பல ஆண்டுகள் வேலை செய்தார்.

இரண்டாவது தன்னாட்சிச் சட்டம் 1972 ஜனவரி 20 அன்று நடைமுறைக்கு வந்தது. சட்ட மாணவரான தாங்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு: சட்டத்தை நடைமுறைப்படுத்தும் ஆணைகளை ரோம் தன் விருப்பப்படி எழுத முடியாது. மத்திய அரசின் பிரதிநிதிகளும் உள்ளூர்ப் பிரதிநிதிகளும் சம எண்ணிக்கையில் அமர்ந்த குழு ஒவ்வோர் ஆணையையும் ஆராய வேண்டும். அப்படி வந்த ஆணையை நாடாளுமன்றம் சாதாரணச் சட்டம் ஒன்றைப் போட்டு மாற்றவும் முடியாது. இப்படி ஒவ்வோர் ஆணையாக நகர்ந்து, 1992 ஜூன் மாதத்தில்தான் ஆஸ்திரியா தகராறு முடிந்துவிட்டதென ஐ.நா.வுக்குத் தெரிவித்தது. மெரான் வாக்கெடுப்பிலிருந்து கணக்கிட்டால் 23 ஆண்டுகள்.

கே: வெடிகுண்டுகள் வெடித்த பிறகுதானே ரோம் இறங்கி வந்தது? (கோயம்புத்தூர் வாசகர்)

ப: அங்கேயும் இன்றுவரை அப்படிச் சொல்வோர் உண்டு. 1961 ஜூன் 11 இரவு, செப் கெர்ஷ்பாமர் தொடங்கிய விடுதலைக் குழுவினர் 37 மின்கோபுரங்களைத் தகர்த்தனர். போல்சானோ தொழிற்பேட்டைக்கு மின்சாரம் போகாமல் தடுப்பதே நோக்கம். மறுநாள், வெடிக்காமல் கிடந்த குண்டொன்றைக் கண்ட சாலைப் பணியாளர் ஒருவர் அது வெடித்து உயிரிழந்தார். நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதாகினர்; சித்திரவதைப் புகார்கள் எழுந்தன; காவலில் இருந்த இருவர் இறந்தனர். 19 பேர் ஆணையம் அதே ஆண்டு செப்டம்பரில் அமைந்தது என்பதால், குண்டுக்குப் பின் ஆணையம் என்ற வரிசை எளிதில் மனத்தில் பதிந்துவிடுகிறது.

ஆனால் ஐ.நா. தீர்மானம் அந்த ஜூன் இரவுக்கு ஏழு மாதத்துக்கும் மேல் முந்தையது என்பதை மறக்கலாகாது. பின்னாளில், 1960களின் நடுப்பகுதிக்கு மேல், தாக்குதல்கள் ஆளைக் கொல்லும் வகைக்கு மாறின. 1967இல் எல்லையோரத்தில் நான்கு இத்தாலிய வீரர்கள் கொல்லப்பட்டபின், ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்துடன் இணைவதற்கான ஆஸ்திரியாவின் பேச்சுவார்த்தைக்கே இத்தாலி முட்டுக்கட்டை போட்டது. ரோம் சந்தேகிக்கிறது, சொந்த ஆட்களோ கோழை என்கிறார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பதுபோல மன்யாகோவின் நிலை இருந்தது. குண்டுகள் பிரச்சினையை உலகின் கண்ணில் பட வைத்தன என்பதை ஒப்புக்கொள்கிறேன். 137 அம்சங்களில் ஒன்றைக்கூட அவை எழுதிக் கொடுக்கவில்லை.

கே: மொழிவாரியாக அரசு வேலை ஒதுக்குகிறார்களாமே, அது நடைமுறையில் எப்படி? (ஓய்வுபெற்ற அரசு ஊழியர், புதுக்கோட்டை)

ப: அங்குள்ள அன்றாட அரசியலின் நடுநாயகமே இதுதான். 1972க்கு முன்பு ரயில்வே, அஞ்சல், வரி அலுவலகம் போன்ற மத்திய அரசுப் பணிகள் பெரும்பாலும் இத்தாலியர் கையிலேயே இருந்தன. மலைக்கிராமத்து விவசாயி தன் ஊர் அலுவலகத்தில் தன் மொழியில் ஒரு மனு கொடுக்க முடியாத நிலை. அதைச் சரிசெய்ய 1976இல் இரண்டு விதிகள் வந்தன. ஒன்று, காவல்துறை, பாதுகாப்புத் துறை போன்ற சில நீங்கலாக, பணியிடங்கள் மூன்று மொழிக் குழுக்களின் மக்கள்தொகை விகிதப்படி பிரிக்கப்படும். மற்றொன்று, அரசு ஊழியர் எவராயினும் இரு மொழித் தேர்வில் தேறியிருக்க வேண்டும். பதவி உயர உயரத் தேர்வும் கடினமாகும்.

இதற்கு அடிப்படை, தான் எந்த மொழிக் குழுவைச் சேர்ந்தவர் என்று வயதுவந்த ஒவ்வொருவரும் எழுதித் தரும் அறிவிப்பு. அது உறையிலிடப்பட்டு நீதிமன்றத்தின் பாதுகாப்பில் இருக்கும். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அதன் சான்றிதழை வாங்கிக்கொண்டு வர வேண்டும். 2011 கணக்கெடுப்பில் ஜெர்மன் 69.4, இத்தாலியம் 26.1, லாடின் 4.5 விழுக்காடு. அரசு வீட்டு ஒதுக்கீட்டிலும் மாகாண அமைச்சரவையிலும் மொழி விகிதம் பார்க்கப்படும். ஒரு மசோதா தங்கள் மொழிக் குழுவின் சமத்துவத்தைப் பாதிப்பதாக ஒரு குழுவின் உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் கருதினால், மொழிக் குழுவாரியாக வாக்கெடுப்பு கேட்கலாம். அதிலும் தோற்றால் அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குப் போகலாம்.

பணத்தையும் சொல்லியாக வேண்டும். மாகாணத்தில் திரளும் முக்கிய வரிகளில் பத்தில் ஒன்பது பங்கு அங்கேயே தங்குகிறது. பள்ளிக்கும் சாலைக்கும் ரோமிடம் கையேந்த வேண்டியதில்லை என்பதால்தான் மற்ற உரிமைகளுக்கெல்லாம் உயிர் இருக்கிறது. நிதியில்லாத தன்னாட்சிகளைப் பற்றி நமக்குத் தனியாக யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்த ஏற்பாட்டின் வலியையும் மறைப்பதற்கில்லை. பசுமைக் கட்சித் தலைவர் அலெக்சாண்டர் லாங்கர் ஜெர்மன் மொழிக் குடும்பத்தில் பிறந்தவர். மனிதரை மொழிக் கூண்டுகளில் அடைக்கக் கூடாது என்று சொல்லி 1981இல் அறிவிப்பு எழுதித்தர மறுத்தார். அதனால் ஆசிரியப் பணி கிடைக்கவில்லை. 1995இல் போல்சானோ மேயர் தேர்தலில் நிற்கவும் முடியவில்லை. ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவருக்குச் சொந்த ஊரில் இந்த நிலை. இன்று எந்தக் குழுவிலும் இல்லாதவர்கள் ஏதேனும் ஒரு குழுவோடு இணைத்துக்கொள்ளலாம் என்ற வழி இருக்கிறது. கலப்புக் குடும்பத்துப் பிள்ளைகள் அதைத்தான் செய்கிறார்கள். மாகாண அலுவலகம் தரும் இருமொழிச் சான்றிதழை மட்டுமே தகுதியாகக் கேட்கக் கூடாது என்று ஒரு வங்கி வேலை தொடர்பான வழக்கில் 2000இல் ஐரோப்பிய நீதிமன்றமும் கூறியது. ஒடுக்கப்பட்ட சிறுபான்மைக்கு விகித ஒதுக்கீடு தவிர்க்க முடியாதது என்பதே என் கருத்து. லாங்கருக்கு நேர்ந்தது அநியாயம் என்பதும் என் கருத்துதான்.

கே: இதே தன்னாட்சியை எங்கள் தமிழரசுக் கட்சியும் கேட்டது. அவர்களுக்குக் கிடைத்தது, எங்களுக்கு ஏன் கிடைக்கவில்லை? (மட்டக்களப்பு வாசகர்)

ப: சிக்மண்ட்ஸ்க்ரோன் கூட்டம் நடந்த அதே 1957இல்தான், ஜூலை 26 அன்று, பண்டாரநாயக்கா–செல்வநாயகம் ஒப்பந்தம் கையெழுத்தானது. மறு ஆண்டு ஏப்ரலில் பிக்குகளின் எதிர்ப்புக்குப் பணிந்து பிரதமரே அதைக் கைவிட்டார்; கேட்க நாதியில்லை. பாரிஸ் ஒப்பந்தத்தையும் ரோம் ஏறத்தாழ கைவிட்டிருந்தது, ஆனால் அது இரு நாடுகளுக்கிடையிலான ஒப்பந்தம். மீறினால் உலக அரங்கில் வழக்காட ஓர் அண்டை நாடு இருந்தது. செல்வநாயகத்தின் ஒப்பந்தங்கள் ஒரு பிரதமரும் ஒரு கட்சித் தலைவரும் போட்டுக்கொண்டவை.

1987இல் இந்தியா ஒப்பந்தமே போட்டதே என்று கேட்பீர்கள். ஆஸ்திரியா முப்பது ஆண்டுகளுக்கு மேல் கோப்பும் கையுமாக அலைந்தது, படை அனுப்பவில்லை. இலங்கை அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தத்தில் எழுதப்பட்ட காணி, காவல்துறை அதிகாரங்களைக்கூட நடைமுறைக்குக் கொண்டுவர, தென் டைரோலில் இருந்ததைப் போன்ற சம எண்ணிக்கைக் குழு எதுவும் இலங்கையில் அமைக்கப்படவில்லை. இத்தாலியில் நிலப்பரப்பைச் சேர்த்துவிட்டு உரிமையைக் கரைத்தார்கள். இலங்கையில் வடக்கையும் கிழக்கையும் 2006இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் வழியே பிரித்துக் கரைத்தார்கள். இரண்டு இடத்திலும் கை வைக்கப்பட்டது எல்லைக்கோட்டில்தான். மற்றபடி, சிங்கள அரசியலில் மொழியும் மதமும் பிணைந்திருந்த விதத்துக்கு இத்தாலியில் நிகர் இல்லை. ஒப்பீட்டை அதற்கு மேல் இழுப்பது நியாயமாகாது.

கே: கேட்டது கிடைத்தபின் அந்தக் கட்சிக்கு என்ன வேலை? பிரிவினை பேசுவோர் இருக்கிறார்களா? (சென்னை வாசகர்)

ப: விவசாயி, முதலாளி, தொழிலாளி எல்லோரையும் மொழியின் பெயரால் ஒரே குடையின் கீழ் வைத்திருந்த கட்சி அது. 1989வரை 29 ஆண்டுகள் மன்யாகோவும், அடுத்த 25 ஆண்டுகள் லூயிஸ் துர்ன்வால்டரும் மாகாண முதல்வர்கள். 2014 முதல் அர்னோ கொம்பாட்ஷர். ஆபத்து குறையக் குறைய வாக்கும் குறைந்தது. 2003இல் 55 விழுக்காட்டுக்கு மேல் வாங்கியது, 2013இல் தனிப்பெரும்பான்மையை இழந்தது, 2023இல் 34.5 விழுக்காட்டுடன் 35 இடங்களில் 13ஐப் பெற்றது. பிரிந்து போவோம் என்று பேசும் தென் டைரோல் விடுதலைக் கட்சிக்கு அதே தேர்தலில் 4 இடங்கள்.

ஆட்சியமைக்க அது சேர்த்துக்கொண்ட கட்சிகளில் ஜோர்ஜா மெலோனியின் இத்தாலிய சகோதரர்கள் கட்சியும் ஒன்று. பாசிசத்தால் வாய் அடைக்கப்பட்டவர்களின் கட்சி, பாசிசத்தின் வாரிசுகளிடமிருந்து கிளைத்த கட்சியோடு உட்காருவதா என்று சொந்தக் கட்சிக்குள்ளேயே கொந்தளிப்பு எழுந்தது. 2001க்குப் பிறகு அரசியலமைப்பு நீதிமன்றத் தீர்ப்புகளால் சிறுகச் சிறுகத் தேய்ந்துபோன மாகாண அதிகாரங்களை மீட்க வேண்டுமானால் ரோமில் ஆள்பவரோடு பேசத்தான் வேண்டும் என்பது கொம்பாட்ஷர் தரப்பின் வாதம். கணக்கு புரிகிறது, எனக்கு ஒப்பவில்லை.

கே: லாடின் மொழியினர் யார்? (கல்லூரி மாணவி, மதுரை)

ப: கார்தேனா, பாதியா பள்ளத்தாக்குகளில் லத்தீன் வழிவந்த பழைய மொழி ஒன்றைப் பேசும் சிறு சமூகம். பாசிசக் காலத்தில் இவர்களுடைய பள்ளத்தாக்குகள் மூன்று மாகாணங்களுக்குப் பங்கு போடப்பட்டன; இன்றும் அப்படியேதான் இருக்கின்றன. தனித்து நிற்க எண்ணிக்கை போதாததால் இவர்களில் பலர் எடெல்வைஸ் சின்னத்துக்கே வாக்களித்து வந்திருக்கின்றனர்.

இவர்களுடைய பள்ளிகளில் பாடங்கள் ஜெர்மனிலும் இத்தாலியத்திலும் சரிபாதியாக நடக்கின்றன, லாடினும் கற்பிக்கப்படுகிறது. மாகாணத்தின் மற்றப் பகுதிகளிலோ ஜெர்மன் பள்ளி தனி, இத்தாலியப் பள்ளி தனி. இரு மொழியிலும் பயிற்றுவிக்கும் பள்ளி வேண்டும் என்று போல்சானோவில் பெற்றோர் கேட்கும்போதெல்லாம், தாய்மொழிப் பள்ளிக்கு உறுதி தரும் தன்னாட்சிச் சட்டத்தின் 19ஆம் பிரிவைக் கட்சி முன்னே வைக்கிறது. லாடின் பள்ளிகளுக்கு இரு மொழியை அனுமதிப்பதும் அதே 19ஆம் பிரிவுதான்.